தோற்றுப்போன ஆய்விலிருந்து பிறந்த ஐடியா... நம் உடல் எரிக்கும் கலோரியை அளக்க வழிகாட்டிய ஹெவெசி யார்?

கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட்வாட்ச் ராத்திரி ஒரு கணக்கு காட்டும். இன்று நீங்கள் 2,150 கலோரி எரித்திருக்கிறீர்கள் என்று சொல்லும். அது சரியா தப்பா என்று யாருக்குத் தெரியும்? வாட்ச் உங்கள் இதயத்துடிப்பையும் கை அசைவையும் வைத்து ஊகிக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊகத்தைச் சரிபார்க்க விஞ்ஞானிகளிடம் வேறொரு முறை இருக்கிறது. அதில் வாட்ச் கிடையாது, முகமூடி கிடையாது, ஓடும் இயந்திரம் கிடையாது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். பிறகு ஒன்றிரண்டு வாரம் வழக்கம்போல வேலைக்குப் போகலாம், தூங்கலாம், சாப்பிடலாம். நடுவில் சில முறை சிறுநீர் மாதிரி கொடுத்தால் போதும்.

அந்தத் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் இல்லை. அதில் அடையாளம் போட்ட அணுக்கள் இருக்கும். ஒரு அணுவுக்கு அடையாளம் போட்டு அனுப்பி, அது எங்கே போகிறது என்று பின்தொடர முடியும் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் டி ஹெவெசி. நோபல் பரிசு வாங்கியவர். அதைவிட, அடுத்தவர்களின் நோபல் பதக்கங்களை அமிலத்தில் கரைத்தவர் என்றுதான் இணையத்தில் இவரை அதிகம் தெரியும். அந்தக் கதையும் வரும். ஆனால் அது இவர் வாழ்க்கையின் பெரிய விஷயம் இல்லை.

யார் இந்த ஹெவெசி?

1885 ஆகஸ்ட் 1ஆம் தேதி புடாபெஸ்டில் பிறந்தார். வசதியான பிரபுக் குடும்பம். யூத வம்சாவளியில் வந்த கத்தோலிக்கர்கள். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஐந்தாவது. புடாபெஸ்ட், பெர்லின் என்று படித்துவிட்டு, ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் 1908ல் முனைவர் பட்டம் வாங்கினார். சூரிச்சில் கொஞ்ச காலம், கார்ல்ஸ்ரூவில் ஃபிரிட்ஸ் ஹேபரிடம் கொஞ்ச காலம். ஓர் இடத்தில் நிலைத்து உட்காராத ஆள். கடைசி வரை அப்படித்தான் இருந்தார், பாதி விருப்பப்பட்டு, பாதி ஹிட்லரால்.

1911ல் இங்கிலாந்தின் மான்செஸ்டருக்குப் போனார். அங்கே ஆய்வகத் தலைவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு. அணுவுக்குள் உட்கரு இருக்கிறது என்று அவர் சொன்ன அதே வருடம். அவரிடம் ஒரு தலைவலி இருந்தது. யுரேனியத் தாதுவிலிருந்து கிடைத்த ஈயம் பெருமளவில் ஆய்வகத்தில் கிடந்தது. அதற்குள் ரேடியம் டி என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருந்தது. ஆனால் சுற்றிலும் ஈயம் இருந்ததால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. ஈயத்திலிருந்து ரேடியம் டியைப் பிரித்துக் கொடு என்று இளைஞர் ஹெவெசியிடம் ஒப்படைத்தார்.

ஹெவெசி ஏறத்தாழ இரண்டு வருடம் போராடினார். தெரிந்த ரசாயன வித்தை எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவும் நடக்காது. காரணம், ரேடியம் டி என்பதே ஈயம்தான். எடை மட்டும் வேறான ஈயம். ஒரே தனிமத்தின் இப்படிப்பட்ட வேறு வேறு எடை வடிவங்களுக்கு ஐசோடோப்பு என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை, 1913ல்தான் வந்தது. ரசாயன முறையில் பார்த்தால் இரண்டும் ஒன்று. பிரிக்கச் சொன்னது, பாலிலிருந்து பாலைப் பிரிக்கச் சொன்ன மாதிரி.

இன்னொருவராக இருந்தால் வேலை ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேறு தலைப்புக்குப் போயிருப்பார். ஹெவெசி அதைத் தலைகீழாகத் திருப்பினார். பிரிக்கவே முடியாதென்றால், ரேடியம் டி போகும் இடமெல்லாம் ஈயமும் போகிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் சாதாரண ஈயத்தில் துளியூண்டு ரேடியம் டியைக் கலந்துவிட்டால், ஈயம் எங்கே ஒளிந்தாலும் கதிரியக்கம் காட்டிக் கொடுத்துவிடும். இந்த ஒரு யோசனைதான் அவருடைய மீதி வாழ்நாள் முழுவதும்.

சாப்பாட்டில் வைத்த பொறி

மான்செஸ்டரில் அவர் தங்கியிருந்த விடுதியின் சாப்பாடு பற்றி ஒரு கதை உண்டு. ஹெவெசியே பிற்காலத்தில் சொல்லிச் சிரித்த கதை. தட்டில் மிச்சம் வைத்ததை வீட்டுக்காரம்மா மறுபடி சமைத்துப் பரிமாறுகிறார் என்று அவருக்குச் சந்தேகம். ஒரு நாள் மிச்ச உணவில் கொஞ்சம் கதிரியக்கப் பொருளைத் தூவி வைத்தார். சில நாள் கழித்து வந்த புது உணவைக் கருவியில் காட்டினார். கருவி அசைந்தது. குட்டு வெளிப்பட்டது. இன்றைய பாதுகாப்பு விதிப்படி இது பெரிய குற்றம் என்பது வேறு விஷயம்.

1913ல் வியன்னாவில், ரேடியம் ஆய்வு நிறுவனத்தில் ஃபிரிட்ஸ் பானெத்துடன் சேர்ந்து இந்த முறையை முதன்முதலாக முறைப்படி செய்து காட்டினார். தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாத ஈய உப்புகள் எவ்வளவு கரைகின்றன என்று அளந்தார்கள். தராசால் முடியாத அளவை, அடையாளம் போட்ட அணுக்கள் காட்டின.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. போர் முடிந்து 1920ல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் சேர்ந்தார். அங்கே டிர்க் கோஸ்டருடன் சேர்ந்து 72ஆம் தனிமத்தைக் கண்டுபிடித்தார். 1923ல் அறிவித்தார்கள். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரான ஹாஃப்னியாவை வைத்து ஹாஃப்னியம் என்று பெயரிட்டார்கள். ஒரு விஞ்ஞானிக்கு இது ஒன்றே ஆயுசுக்குப் போதும். ஆனால் அதே 1923ல் அவர் செய்த சின்ன வேலைதான் நம் கதைக்கு முக்கியம். அவரை இனச் செடியின் வேரை, அடையாளம் போட்ட ஈயக் கரைசலில் வைத்தார். ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடுகிறது, மேலே கொஞ்சம்தான் ஏறுகிறது என்று தெரிந்தது. உயிருள்ள ஒன்றின் உள்ளே அணுவைப் பின்தொடர்ந்த முதல் சோதனை அது.

ஆனால் ஈயம் விஷம். உயிருக்கு வேண்டிய பொருளும் இல்லை. மனித உடலுக்குள் போக ஹெவெசிக்கு வேறு அணு தேவைப்பட்டது.

தண்ணீருக்குள் ஓர் அடையாளம்

அமெரிக்காவின் ஹெரால்டு யூரி 1931ல் டியூட்டீரியத்தைக் கண்டுபிடித்தார். ஹைட்ரஜன்தான், ஆனால் இரண்டு மடங்கு எடை. கதிரியக்கம் கிடையாது, சிதையாது. அதனால் இதை நிலையான ஐசோடோப்பு என்கிறார்கள். டியூட்டீரியம் உள்ள தண்ணீர் கனநீர். சாதாரணத் தண்ணீரைவிட சுமார் 11 சதவீதம் அடர்த்தி அதிகம். ருசியில், நிறத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அப்போது ஹெவெசி ஃப்ரைபுர்க்கில் பேராசிரியர். யூரியிடமிருந்து கொஞ்சம் கனநீர் வந்து சேர்ந்தது. மருத்துவர் எரிக் ஹோஃபருடன் சேர்ந்து முதலில் மீன்களைக் கனநீர் கலந்த நீரில் நீந்தவிட்டார். மீன் உடம்பின் தண்ணீரும் வெளித் தண்ணீரும் இடம் மாறிக்கொண்டே இருப்பது தெரிந்தது. அடுத்தது மனிதன்.

1934ல் வெளியான அந்தச் சோதனை கேட்க எளிமை. கனநீர் சிறிதளவு கலந்த தண்ணீரைக் குடிக்க வேண்டும். பிறகு சிறுநீரைச் சேகரித்து, வாலையில் வடித்துத் தூய்மையாக்கி, அந்தத் தண்ணீரின் அடர்த்தியை அளக்க வேண்டும். நாள் ஆக ஆக அடர்த்தி எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், உடம்பில் தண்ணீர் எத்தனை நாள் தங்குகிறது என்று தெரிந்துவிடும்.

செய்வதுதான் கஷ்டம். ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒருவர் 5 மில்லி கனநீர் குடிக்கிறார், அவர் உடம்பில் 40 லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுக்கக் கலந்த பிறகு, உடல் தண்ணீரின் அடர்த்தி பத்து லட்சத்தில் சுமார் 14 பங்குதான் கூடும். சிறுநீரில் உப்பின் தடயம் துளி மிஞ்சினாலும், அறையின் சூடு லேசாக மாறினாலும் கணக்கு காலி.

அப்படியும் கிடைத்த விடை இன்று பார்த்தாலும் ஆச்சரியம். குடித்த தண்ணீரில் பாதி வெளியேற சுமார் 9 நாள். ஒரு தண்ணீர் மூலக்கூறு சராசரியாக உடம்பில் தங்குவது 13 நாள், ஒன்றரை நாள் கூடலாம் குறையலாம். உடம்பு எடையில் தண்ணீர் 63 சதவீதம், 4 கூடலாம் குறையலாம். அந்தக் கூடலாம் குறையலாம் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் அளவை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சேர்த்தே அவர்கள் எழுதினார்கள்.

அதே 1934ல் ஹெவெசி ஜெர்மனியை விட்டுக் கிளம்பினார். நாஜி ஆட்சியில் அவர் வம்சாவளிக்காரர்களுக்கு இடம் இல்லை. மறுபடி கோபன்ஹேகன், மறுபடி போர். அங்கே சுவாச ஆய்வில் பெயர்பெற்ற உடலியல் மேதை ஆகஸ்ட் க்ரோவுடன் சேர்ந்து, தவளைத் தோல் வழியாகக் கனநீர் எப்படி ஊடுருவுகிறது என்று பார்த்தார். 1935ல் கதிரியக்க பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்து, எலும்பும்கூட ஓயாமல் பழைய அணுக்களைக் கொடுத்துப் புதியதை வாங்கிக்கொண்டே இருக்கிறது என்று காட்டினார். அதுவரை எலும்பு என்றால் கட்டி முடித்த சுவர் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

பதக்கங்களைக் கரைத்தது ஏன்?

ஜெர்மன் இயற்பியலாளர்கள் மக்ஸ் ஃபான் லாவே, ஜேம்ஸ் ஃபிராங்க் இருவரும் தங்கள் நோபல் பதக்கங்களை போரின் நிறுவனத்தில் பத்திரமாக வைக்கக் கொடுத்திருந்தார்கள். தங்கத்தை நாட்டைவிட்டு வெளியே அனுப்புவது நாஜி ஜெர்மனியில் கடும் குற்றம். பதக்கத்தில் பெயர் பொறித்திருக்கிறது. 1940 ஏப்ரல் 9ஆம் தேதி ஜெர்மன் படை டென்மார்க்கில் நுழைந்தது. பதக்கம் கையில் சிக்கினால், ஜெர்மனியிலேயே இருந்த லாவே தொலைந்தார்.

புதைத்து வைக்கலாமா என்று யோசனை வந்தது. தோண்டி எடுத்துவிடுவார்கள். ஹெவெசி ரசாயனக்காரர் அல்லவா? தங்கத்தையும் கரைக்கும் இராஜ திராவகத்தை எடுத்தார். தெருவில் படை நடந்துகொண்டிருக்க, உள்ளே பதக்கங்கள் மெல்ல மெல்லக் கரைந்தன. தங்கம் லேசில் கரைகிற சரக்கு இல்லை. அந்த வேலை நாள் முழுக்க இழுத்தது. கடைசியில் ஒரு ஜாடியில் ஆரஞ்சு நிறத் திரவம். அதை மற்ற ஜாடிகளோடு அலமாரியில் வைத்துவிட்டார். சோதனை போட வந்தவர்கள் அதைத் தொடவே இல்லை.

1943ல் ஹெவெசி ஸ்வீடனுக்குத் தப்பினார். போர் முடிந்து பார்த்தபோது ஜாடி அப்படியே இருந்தது. தங்கத்தைப் பிரித்து ஸ்டாக்ஹோமுக்கு அனுப்ப, மறுபடி பதக்கமாக வார்த்துக் கொடுத்தார்கள். ஃபிராங்க் தன்னுடையதை 1952ல் பெற்றுக்கொண்டார். நடுவில் ஹெவெசிக்கே நோபல் கிடைத்திருந்தது. 1943ஆம் ஆண்டின் வேதியியல் பரிசு, ஐசோடோப்புகளை அடையாளமாகப் பயன்படுத்தியதற்காக, 1944ல் அறிவிக்கப்பட்டது. ஸ்வீடனிலேயே தங்கி வேலை பார்த்தார். 1966 ஜூலை 5ஆம் தேதி ஃப்ரைபுர்க்கில் இறந்தார். 2001ல் அவர் உடல் எச்சங்கள் புடாபெஸ்டுக்குக் கொண்டுவரப்பட்டு மறுபடி அடக்கம் செய்யப்பட்டன.

சரி, கலோரி எங்கே வருகிறது?

ஹெவெசி தண்ணீரின் ஹைட்ரஜனுக்கு மட்டும்தான் அடையாளம் போட்டார். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் நாதன் லிஃப்சன் குழு ஆக்சிஜனுக்கும் அடையாளம் போட்டது. நாம் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜன், உடல் தண்ணீரில் உள்ள ஆக்சிஜனோடு கலந்து சமமாகிவிடுகிறது என்று 1949ல் அவர்கள் எழுதினார்கள். முறையின் உயிர்நாடி இதுதான்.

எப்படி என்றால், உடம்பிலிருந்து அடையாள ஹைட்ரஜன் வெளியேற ஒரே கதவு: தண்ணீர். சிறுநீர், வியர்வை, மூச்சு ஈரம் எல்லாம் அதில் அடக்கம். அடையாள ஆக்சிஜனுக்கு இரண்டு கதவு: தண்ணீர், கூடவே கார்பன் டை ஆக்சைடு. அதனால் ஆக்சிஜன் கொஞ்சம் வேகமாகக் குறையும். இரண்டு வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால், எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளியே போனது என்று கிடைக்கும். அடுப்பில் எவ்வளவு விறகு எரிந்தது என்பதைப் புகையை வைத்துச் சொல்கிற மாதிரி, அதிலிருந்து எரித்த கலோரியைக் கணக்கிடலாம்.

1955ல் எலிகளில் இது சரியாக வேலை செய்தது. மனிதருக்கு வர 1982 ஆனது. ஏன் அவ்வளவு தாமதம்? ஆக்சிஜன்-18 என்ற அந்தக் கனமான ஆக்சிஜன் விலை அதிகம். எலிக்குத் துளி போதும், 70 கிலோ மனிதருக்கு அப்படி முடியாது. கருவிகளின் துல்லியம் ஏறிய பிறகுதான், குறைந்த அளவு கொடுத்தும் அளக்க முடிந்தது. கதிரியக்கம் இல்லாததால் கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும்கூட இதைக் கொடுக்க முடிகிறது.

ஒரு சதவீதப் பிழை, இரண்டு இட்லி

இந்த முறையின் பலவீனமும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. ஒருவர் உடம்பில் ஆக்சிஜன் அடையாளம் நாளுக்கு 12 சதவீதம், ஹைட்ரஜன் அடையாளம் 10 சதவீதம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2. ஆய்வகத்தில் ஆக்சிஜன் அளவு வெறும் 1 சதவீதம் தவறினால், 12 என்பது 12.12 ஆகும். வித்தியாசம் 2.12. அதாவது 1 சதவீதப் பிழை விடையில் 6 சதவீதமாக வீங்குகிறது. 2,000 கலோரி 2,120 ஆகிவிடும். ஏறக்குறைய இரண்டு இட்லி. அதே நேரம் ஹைட்ரஜன் அளவு எதிர்த்திசையில் 1 சதவீதம் தவறினால் பிழை 11 சதவீதம், 2,220 கலோரி.

ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைக்கு எவ்வளவு உணவு தேவை என்று முடிவு செய்யும் இடத்தில், இந்தப் பிழை சும்மா ஒரு எண் இல்லை.

பிழை எங்கிருந்தெல்லாம் வரும்? சிறுநீர் பாட்டிலின் மூடி சரியாக மூடவில்லை என்றால் இலேசான தண்ணீர் முதலில் ஆவியாகி, மிச்சம் கனமாகிவிடும். கருவியில் முன்பு அளந்த மாதிரியின் ஈரம் ஒட்டிக்கொண்டிருந்தால், அடுத்ததில் அதன் சாயல் ஏறும். மீன் குழம்பு வைத்த சட்டியில் பால் காய்ச்சிய கதைதான். இன்னொன்று, சாதாரணத் தண்ணீரிலேயே இந்த அடையாளங்கள் உண்டு. பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்குச் சுமார் 156 டியூட்டீரியம், பத்து லட்சம் ஆக்சிஜனுக்குச் சுமார் 2,000 ஆக்சிஜன்-18. இது ஊருக்கு ஊர், மழைக்கு மழை லேசாக மாறும். அதனால் மருந்து குடிக்கும் முன்பே ஒரு மாதிரி எடுத்தாக வேண்டும். நடுவில் அவர் வேறு ஊருக்குப் போய் அந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தால், ஆரம்பப் புள்ளியே நகர்ந்துவிடும்.

எல்லா ஆய்வகமும் ஒரே அளவுகோலை வைத்துப் பேச, சர்வதேச அணுசக்தி முகமை 1968ல் ஒரு பொதுத் தண்ணீரை உருவாக்கியது. கடல் நீரின் சராசரியைப் பிரதிபலிக்கும் அதன் பெயரில் வியன்னா இருக்கிறது. முகமையின் தலைமையகம் அங்கேதான். ஹெவெசியும் பானெத்தும் 1913ல் ஈய உப்பை அளந்த அதே நகரம்.

பொது அளவுகோல் இருந்தும் பிரச்னை தீரவில்லை. 1990களில் ஒரே மாதிரியைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பிப் பார்த்தபோது விடைகள் கணிசமாக வேறுபட்டன. மனித உடம்பில் சாத்தியமே இல்லாத எண்களும் வந்தன. அளவு சரியாக இருந்தாலும், ஒவ்வொரு குழுவும் வேறு வேறு சூத்திரத்தைப் பயன்படுத்தியதால் கலோரி மாறியது. ஆயிரக்கணக்கானவர்களின் அளவுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்து, 2021ல்தான் ஒரு பொதுச் சூத்திரம் முன்வைக்கப்பட்டது.

அதே வருடம், 29 நாடுகளைச் சேர்ந்த 6,421 பேரின் அளவுகள் ஒரே ஆய்வாக வெளியாயின. பிறந்து 8 நாள் ஆன குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை அதில் இருந்தார்கள். 30 வயது தாண்டினால் உடம்பு கலோரி எரிப்பது குறைந்துவிடும் என்று ஜிம்மிலும் குடும்ப விசேஷத்திலும் சொல்வார்களே, அது பொய்த்தது. உடல் அளவைக் கழித்துப் பார்த்தால் 20 முதல் 60 வயது வரை அந்த வேகம் அப்படியே நிற்கிறது. 60க்குப் பிறகு வருடத்துக்குச் சுமார் 0.7 சதவீதம் குறைகிறது. தனி ஒருவரை ஒரு முறை அளந்தால் இந்த 0.7, அளவுப் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். ஆயிரக்கணக்கான மாதிரிகளை ஒரே கணக்கில் கொண்டுவந்த பிறகுதான் அது கண்ணில் பட்டது.